லயத்துக்கு வண்டி போகாது

ஃபோல்ஸ் காட்டுற தொழில்ல ஃபோல்ஸ் ஒன்னுதான் தொந்தரவு குடுக்காது, அது பாட்டுக்கு அருவியா விழுந்துக்கிட்டு இருக்கும்.

மத்ததெல்லாம் தொந்தரவுதான். உங்கள்ல யாராச்சும் டூர் வண்டி ஓட்டியிருந்தீங்கன்னா, இல்ல கடையில, ஹோட்டல்ல, பஸ்ஸுல, எங்கயாச்சும் நின்னு நாலு பேருக்குப் பல்லக் காட்டிச் சம்பாதிக்கிறவங்களா இருந்தீங்கன்னா, நான் சொல்றது உங்களுக்கே நடந்த மாதிரி இருக்கும். சிரிக்கணும்னா சிரிங்க. "ஐயோ பாவம்"னு மட்டும் சொல்லாதீங்க, அந்தச் சொல்லக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும்.

என் பேரு ராஜேஸ்வரி. றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல, லயம்னு சொல்ற வரிசை வீட்டுல பொறந்தவ. குவைத்துக்கு வேலைக்குப் போயி, அந்த வீட்டுப் புள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்தி எறக்கி வண்டி பழகினவ. எங்க வீட்டுக்காரரு கனகு நுவரெலியாவுல ஒரு ஹோட்டலுக்கு டூர் வேன் ஓட்டிக்கிட்டு இருந்தாரு. முதுகுல டிஸ்க் விலகி, அவரால ஸ்டியரிங் முன்னால உக்கார முடியாமப் போச்சு. வீட்டுல வேற வருமானம் கெடையாது. "அவரு ஓட்டுன வண்டிய நான் ஓட்டுறேன்"னு ஹோட்டல்ல போயி நின்னேன்.

டூர் மனேஜர் பிரகாஷ் என்னய மேலயும் கீழயும் பாத்தாரு. இவரு வேற யாருமில்ல, எங்க தோட்டத்துக் கண்டாக்கையா மகன். எங்க அம்மா கொழுந்து எடுத்தப்ப மேல நின்னு வேல வாங்கினவரு இவரு அப்பாதான். ஒரே ரோட்டுல நடந்து வளந்தவங்கதான் நாங்க, ஆனா ஹோட்டல்ல என்னயக் கண்டா இங்கிலிஷ்லதான் பேசுவாரு. நானும் விடாம தமிழ்லயே பதில் சொல்லுவேன். அன்னைக்கு அவரு சொன்னது இதுதான்: இந்த சீசன் முடியிற வரைக்கும் ஓட்டிப் பாக்கலாம், கெஸ்ட்கிட்ட இருந்து ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் சாவியக் குடுத்துட்டுப் போயிறணும். "சரி சார்"னு சாவிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ட்ரைவர் வரட்டும்

மொத நாள் கெஸ்ட்டு வெள்ளவத்தையில இருந்து வந்த ஒரு பென்ஷன் ஐயாவும் அவரு சம்சாரமும். ஹோட்டல் வாசல்ல அவங்க பைய வாங்கி உள்ள வச்சேன், கதவத் தொறந்து விட்டேன். ஐயா முன் சீட்டுல ஏறி, பெல்ட்டப் போட்டுக்கிட்டு, "ட்ரைவர் வரட்டும்மா, ஒன்னும் அவசரமில்ல"ன்னாரு. நான் சுத்தி வந்து ஸ்டியரிங் பக்கம் ஏறினேன். "ட்ரைவர் வந்தாச்சு ஐயா"ன்னேன். ஐயா பெல்ட்ட இன்னொரு தடவ இழுத்துப் பாத்துக்கிட்டாரு. பின்னால அம்மா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சது கண்ணாடியில தெரிஞ்சிச்சு.

றம்பொடைக்கு எறங்குற ரோட்டுல ஒரு வளைவு முடியிறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். ஒவ்வொரு வளைவுலயும் ஐயாவோட வலது காலு தரைய ஓங்கி ஓங்கி மிதிக்குது. அந்தப் பக்கம் இல்லாத பிரேக்க மிதிக்கிறாரு மனுசன்! றம்பொடை ஃபோல்ஸுக்கு முன்னால நிப்பாட்டினா, அவரு ஃபோல்ஸப் பாக்கல, டயரக் குனிஞ்சு பாத்தாரு. கம்ப்ளைன்ட்டுன்னு ஒன்னு வந்தா இவருகிட்ட இருந்துதான் வரும்னு முடிவே பண்ணிட்டேன். திரும்பி வந்து எறங்கினதும் காலத் தேய்ச்சு விட்டுக்கிட்டே ரிசப்ஷன்ல போயி நின்னாரு. அங்க இருந்த புள்ளகிட்ட சத்தமாவே சொன்னாரு:

"வண்டி நல்ல வண்டியம்மா, பிரேக் நல்லாப் பிடிக்குது, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துல்ல மிதிச்சோம்!"

ஃபோல்ஸத் தொறந்து விடுங்க

சென்னையில இருந்து வந்த குடும்பம். மழ கண்ணுல படாத மாசம். தலவாக்கலை தாண்டி, சென் கிளேயர் ஃபோல்ஸுக்கு எதிர நிப்பாட்டினேன். குடும்பத் தலைவரு ஃபோன்ல இருக்குற படத்தையும் ஃபோல்ஸையும் மாறி மாறிப் பாத்தாரு. படத்துல அகலமா வெள்ளையாக் கொட்டுது. நேர்ல முக்கால்வாசி பாறைதான், தண்ணி ஓரமா வழியுது. "என்னங்க இது, குழாய மூட மறந்த மாதிரி ஒழுகுது? யார்கிட்ட சொன்னா தொறந்து விடுவாங்க?"ன்னாரு. வெளையாட்டுக்குக் கேக்குறாருன்னு நெனச்சேன். இல்ல, நெசமாவே கேக்குறாரு.

ஒரு விதத்துல அவரு கேட்டதும் தப்பில்ல. மேல அணை கட்டித் தண்ணியத் திருப்பி, கரண்ட்டு எடுக்குறாங்க. ஃபோல்ஸுக்கு வர்றது மிச்சம் மீதிதான். அதப் பொறுமையாச் சொன்னேன். அவரு கேக்குறதா இல்ல. "இத முன்னாடியே சொல்லியிருக்கணும்ல? ஹோட்டல்ல எழுதிக் குடுக்குறேன்"ன்னாரு. எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. வாய அடக்குன்னு கனகு காலையிலயும் சொல்லித்தான் அனுப்பினாரு. அடங்கல. "சார், நேத்து ராத்திரி குளிருதுன்னு ரூம்ல ரெண்டு ஹீட்டர் கேட்டு வாங்கி, விடிய விடியப் போட்டிருந்தீங்க. உங்க ஃபோல்ஸு அங்கதான் சார் ஓடிச்சு!"ன்னேன்.

சொன்னதுக்கு அப்புறம்தான் சாவி ஞாபகம் வந்திச்சு. போச்சு, இன்னையோட முடிஞ்சிச்சுன்னு நின்னேன். அவரு பொஞ்சாதி புள்ளைங்க எல்லாம் அவரு மொகத்தையே பாக்குறாங்க. அவரு பாறைய இன்னொரு தடவ பாத்தாரு. அப்புறம் ஃபோன சட்டப் பையில போட்டாரு.

"சரி விடுங்க, ரூமுக்குப் போயி அந்த ஹீட்டர் முன்னாடி நின்னு ஒரு ஃபேமிலி போட்டோ எடுத்துக்குறோம்."

வாவி எங்க?

யாழ்ப்பாணத்துப் புதுப்பொண்ணு, கனடா மாப்பிள்ள. காசல்ரீ வாவி பாக்கணும்னு விடியக்காலையிலயே கெளம்பினாங்க. போயி நின்னா, வேன் கண்ணாடிக்கு அங்கிட்டு ஒன்னுமே இல்ல. ஒரே மூட்டம். மாப்பிள்ள எறங்கி நாலா பக்கமும் திரும்பிப் பாத்துட்டு, "லேக் எங்க?"ன்னாரு. "நேர முன்னாலதான் தம்பி. இதுக்கு மேல ஒரு அடி எடுத்து வச்சிறாதீங்க, உள்ளயே போயிருவீங்க"ன்னேன்.

ஃப்ளாஸ்க்குல இருந்து பிளேன்டீ ஊத்திக் குடுத்தேன். குடிச்சு முடிஞ்சிச்சு. இன்னொரு தடவ ஊத்தினேன். மூட்டம் அசையிற மாதிரி இல்ல. மாப்பிள்ளைக்குக் கோவம். இந்த நேரத்துல வந்தா ஒன்னும் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா, ஹோட்டல்ல கேக்கத்தான் போறேன்னு குதிக்கிறாரு. மூட்டத்துக்கு நானா பொறுப்பு? ஊதி வெலக்கவா முடியும்? ஆனா வாயத் தொறக்கல, ஹீட்டர் விஷயத்துல தப்பிச்சதே பெருசு. பொண்ணு அவரு ஜாக்கெட்டப் போத்திக்கிட்டு, ரெண்டு கையாலயும் கப்பப் புடிச்சபடி சொல்லிச்சு:

"விடுங்கோ அக்கா, இவரையும் நான் படத்தில பாத்துத்தானே கலியாணத்துக்கு ஓமெண்டனான், நேரில வந்தாப்பிறகு எல்லாம் இப்பிடித்தான்."

பருப்பு

டூர் வண்டி ஓட்டுறவங்களுக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. கெஸ்ட்டக் கூட்டிக்கிட்டுப் போற சாப்பாட்டுக் கடையில முன்னால கெஸ்ட்டுக்கு மேச, பின்னால குசினிய ஒட்டி ட்ரைவர் ரூம். ட்ரைவர்மாருக்கு அங்கதான் சோறு. ஆம்பளைங்க பனியனோட கால நீட்டி உக்காந்து, நாளு பூரா அடக்கி வச்சதையெல்லாம் கொட்டித் தீக்குற எடம். நான் போயி வாசல்ல நின்னதும் பேச்சு டப்புன்னு நின்னிச்சு. ஒருத்தரு சட்டையத் தேடுறாரு, ஒருத்தரு சிகரெட்ட மேசைக்கு அடியில ஒளிக்கிறாரு. வெய்ட்டர் ஓடி வந்தாரு. "அக்கா, நீங்க கெஸ்ட் பக்கம் உக்காருங்க. இல்லன்னா குசினியில பொம்பளைங்க இருக்காங்க, அங்க தாரேன்"ன்னாரு.

கெஸ்ட் பக்கம் உக்கார நான் கெஸ்ட் இல்ல. குசினியில உக்கார நான் சமைக்க வரல. ட்ரைவர் ரூம்னு கதவுல எழுதியிருக்கு, நான் ட்ரைவர். நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தேன். அன்னைக்கு அந்த ரூம்ல சோறு மெல்லுற சத்தம் மட்டும்தான். அடுத்த நாளும் அப்படியே. நானும் விடல, தெனமும் போனேன். கடைசியில நானே ஆரம்பிச்சேன். சென்னைக்காரரு ஹீட்டர் கதைய எடுத்து விட்டேன். மூலையில இருந்த சுனில் அண்ணனுக்கு, அவரு கண்டிப் பக்கத்துச் சிங்கள ட்ரைவரு, தமிழ் பாதிதான் வெளங்கும். அவருக்கே சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப் போச்சு. அதுக்கு அப்புறம் ஆளாளுக்கு ஒரு கத. ஒருத்தரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தரு. சுனில் அண்ண கண்ணத் தொடச்சுக்கிட்டு, நான் அந்த ரூம்ல பொறந்து வளந்தவ மாதிரி, ரொம்ப சாதாரணமாச் சொன்னாரு:

"அக்கே, கத நல்லா, இப்ப அந்தப் பருப்பு இங்க தள்ளு."

ஏறுற வண்டி

மலை ரோட்டுல ஒரு சட்டம் இருக்கு. போர்டு வேணாம், போலிஸ் வேணாம், எல்லாருக்கும் தெரியும். ஒத்த வண்டி மட்டும் போற ரோட்டுல ரெண்டு வண்டி எதிர எதிர வந்துட்டா, ஏறுற வண்டிக்குத்தான் வழி. எறங்குற வண்டி பின்னால எடுக்கணும். அன்னைக்கு மட்டக்களப்பு டீச்சர்மாரு வேன்ல. தேயிலைக்கு நடுவுல ஒரு சின்ன ஃபோல்ஸுக்கு ஏறிக்கிட்டு இருக்கேன். மேல இருந்து கறுப்பா ஒரு பெரிய ஜீப்பு. உள்ள இருந்தவரு கைய வெளிய நீட்டி, "பஸ்ஸட்ட கன்ன, பஸ்ஸட்ட கன்ன"ங்கிறாரு. பின்னால எடுங்கிறாரு. எனக்குப் பின்னால ரெண்டு கொண்டை வளைவு, ஒரு பக்கம் பள்ளம். "நான் ஏறுறேன் மஹத்தயா, நீங்கதான் எடுக்கணும்"னு சிங்களத்துல மரியாதையாத்தான் சொன்னேன். அவரு ஹோர்ன அமுக்கினாரு. எறங்கி வந்து வேன்ல இருந்த ஹோட்டல் பேரப் படம் புடிச்சாரு. சொல்றேன் பாருன்னாரு.

சொல்லட்டும். கெஸ்ட் கம்ப்ளைன்ட் பண்ணினாத்தான் சாவி போகும், இவரு எனக்கு கெஸ்ட்டா? ஹேன்ட் பிரேக்க இழுத்தேன். எஞ்சின நிப்பாட்டினேன். ஃப்ளாஸ்க்கத் தொறந்து டீச்சர்மாருக்கு பிளேன்டீ ஊத்தினேன். மேல கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாம் வேலைய விட்டுட்டு ரோட்டோரத்துக்கு வந்துட்டாங்க. கடைசியில ஜீப்பு உறுமிக்கிட்டே பின்னால போச்சு. "ஒடி ஒடி, வலது பக்கம் ஒடி!"ன்னு அந்தப் பொம்பளைங்களே வழி சொல்லிக் குடுத்து, கொண்டு போயி ரோட்டோரம் தண்ணி ஓடுற கானுக்குள்ள ஒரு சக்கரத்த எறக்கி விட்டாங்க. நான் மெதுவா ஏறி அதத் தாண்டினப்ப, தலையில சாக்கு போட்டிருந்த ஒரு அக்கா வேன் பக்கத்துல வந்து சொல்லிச்சு:

"போ தாயி போ, இத்தன காலமும் பெரிய வண்டி வந்தா நாங்கதான் கானுக்குள்ள எறங்கி நின்னோம், இன்னைக்கு அது எறங்கட்டும்!"

கூடை

இவ்வளவு நடந்தும் கெஸ்ட்கிட்ட இருந்து ஒரு கம்ப்ளைன்ட் வரல. சீசன் முடியப் போகுது, தப்பிச்சோம்டா சாமின்னு இருந்தப்பதான் பிரகாஷ் ஆபிசுக்குக் கூப்பிட்டாரு. மேசையில ஒரு புதுக் கொழுந்துக் கூடை. பக்கத்துல மடிச்சு வச்ச செவப்புச் சேல. இனிமே நான் அத உடுத்திக்கிட்டு, கூடைய முதுகுல மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டணுமாம். கெஸ்ட்டுக்குப் புடிக்குமாம். "கூடைய மாட்டிக்கிட்டு சீட்டுல எப்படி சார் சாயிறது?"ன்னேன். மனுசன் அத யோசிக்கவே இல்ல. கூடையப் பாத்தாரு, என் முதுகப் பாத்தாரு, கூடைய எடுத்துக் கீழ வச்சாரு.

அதோட விட்டிருந்தா நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன். "சரி, உடுப்ப விடுங்க. நாளைக்கு ஒரு வெள்ளக்கார ஜோடி வாராங்க. ஃபோல்ஸ் பாத்துட்டுத் தோட்டத்துல ஒரு வீடு காட்டணும். உங்க லயம்தான் வசதி, வாசல்ல நின்னாலே ஃபோல்ஸ் தெரியும். யாரும் நல்ல உடுப்புப் போட வேணாம்னு சொல்லி வைங்க, இயல்பா இருக்கட்டும்"ன்னாரு. "அங்க எங்க அம்மா இருக்காங்க சார்"னேன். "அது இன்னும் நல்லதாப் போச்சு"ன்னாரு.

"வாவி காட்டச் சொல்லுங்க, ஃபோல்ஸ் காட்டச் சொல்லுங்க, மூட்டத்தக் காட்டச் சொன்னாக்கூடக் காட்டுறேன். லயத்துக்கு வண்டி போகாது"ன்னேன். பிரகாஷ் நாற்காலியில சாஞ்சு உக்காந்தாரு. எவ்வளவு நெதானமாச் சொன்னாரு தெரியுமா?

"நாளைக்கு வீடு காட்டாம வண்டி திரும்பி வந்துச்சுன்னா, சாவிய இந்த மேசையில வச்சிட்டு நீங்க போகலாம்."

பீலி

நான் ஏன் இப்படி மல்லுக்கு நிக்கிறேன்னு கேப்பீங்க. எங்க லயத்துக்குப் பக்கத்துல ஒரு பீலி இருக்கு. மலைத்தண்ணி குழாய் வழியா வந்து கொட்டுற எடம். பொம்பளைங்க குளிக்கிறது அங்கதான். போன வருஷம் ஒரு நாள் அம்மா வேல முடிஞ்சு வந்து, பாவாடைய நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டிக்கிட்டுக் குளிச்சிட்டு இருந்தாங்க. யார் வண்டியோ தெரியல, ஒரு டூர் வேன் வந்து நின்னிச்சாம். கேமராவோட எறங்கினாங்களாம். அம்மா கைய ஆட்டி ஆட்டிப் போகச் சொன்னாங்களாம். அவங்களும் சிரிச்சிக்கிட்டே திருப்பிக் கைய ஆட்டினாங்களாம்.

அம்மா ஈரத்தோட சுவத்துக்குப் பின்னால போயி நின்னுட்டாங்க. வண்டி போற வரைக்கும் அங்கயே நடுங்கிக்கிட்டு நின்னிருக்காங்க. நான் போனப்ப கம்பளியப் போத்திக்கிட்டு அடுப்புப் பக்கம் உக்காந்திருந்தாங்க. கேட்டதும் எனக்கு வந்த கோவத்துக்கு வாசல்ல நின்னு கத்தினேன், யாரப் பாத்துக் கத்துறேன்னு எனக்கே தெரியல. அம்மா அழல. என் மொகத்தப் பாத்து ஒன்னே ஒன்னு கேட்டாங்க:

"ஏன்டி ராஜி, நான் குளிக்கிறதும் அவங்களுக்கு ஒரு ஃபோல்ஸாடி?"

பாதி மீச

பிரகாஷ் கெடு வச்ச மறுநாள் ஞாயித்துக்கெழம. "என்ன செய்யப் போற?"ன்னு கனகு கேட்டாரு. "தெரியல"ன்னேன். நெசமாவே தெரியல. வெள்ளக்கார ஜோடி நல்ல சனங்க. வழியில எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்தாங்க. கொட்டகலை, ஹட்டன் எல்லாம் தாண்டி எங்க தோட்டத்துக்கு வந்து, ஃபோல்ஸும் பாத்தாச்சு. அடுத்தது வீடு. தோட்டத்துக்குள்ள ரோடு ரெண்டாப் பிரியுற எடத்துல நிப்பாட்டினேன். கீழ எறங்கினா எங்க லயம். மேல ஏறினா ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். பிரகாஷ் அப்பா, கண்டாக்கையா இருந்த வீடு அங்கதான். அவரு காலமாயிட்டாரு. இப்ப மூத்த மகன் ரவி தோட்டத்து ஆபிஸ்ல கிளாக்கரா இருக்காரு, அதே வீட்டுல குடும்பத்தோட இருக்காரு. கீழ பாத்தேன், எங்க அம்மா காயப் போட்ட சேல தெரிஞ்சிச்சு. கியரப் போட்டு மேல ஏறிட்டேன்.

ரவி அண்ண வாசல்ல கண்ணாடியத் தொங்க விட்டு, சாரத்தோட, மேலுக்குச் சட்ட இல்லாம சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாரு. மொகத்துல ஒரு பக்கம் நொரை, மீசையில பாதிதான் எடுத்திருந்தாரு. நான் மொதல்ல எறங்கிப் போயி, "அண்ணே, ஹோட்டல் கெஸ்ட் வந்திருக்காங்க, உங்க தம்பி ஒரு வீடு காட்டச் சொன்னாரு, கூட்டிட்டு வரலாமா?"ன்னு கேட்டேன். தம்பி பேரக் கேட்டதும், "அதுக்கென்ன, வரச் சொல்லுங்க, இந்தா சட்ட போட்டுட்டு வாரேன்"ன்னாரு. "சட்ட வேணாமாம் அண்ணே, யாரும் நல்ல உடுப்புப் போட வேணாம், இயல்பா இருக்கணும்னு உங்க தம்பிதான் சொல்லி விட்டாரு"ன்னேன். அதுல ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லல.

"இது எங்க டூர் மனேஜர் பொறந்து வளந்த வீடு"ன்னு கெஸ்ட்டுக்குச் சொன்னேன். அவங்களுக்குத் தல கால் புரியல! அந்தம்மா நொரையோட நிக்கிற ரவி அண்ணனப் படம் எடுத்தாங்க. கொடியில காஞ்ச உள்பாவாடைய எடுத்தாங்க. தலையில துவாயோட எட்டிப் பாத்த அவரு சம்சாரத்த எடுத்தாங்க. குசினிக்குள்ள கேமராவ நீட்டினாங்க. ரவி அண்ண போ போன்னு கைய ஆட்டினாரு. அவங்களும் சிரிச்சிக்கிட்டே கைய ஆட்டினாங்க. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு, ரவி அண்ண சம்சாரம் எனக்கு ஒரு கெடுதலும் செஞ்சதில்ல. போதும்னு சொல்லி ரெண்டு பேரையும் வேன்ல ஏத்தினேன். கதவச் சாத்தும்போது, ரவி அண்ண ஃபோன்ல தம்பியப் புடிச்சுக் கத்துறது ரோடு வரைக்கும் கேட்டிச்சு:

"டேய் பிரகாஷு, என் பாதி மீச எந்த நாட்டுக்குடா போகுது?"

சாவி

வேன நிப்பாட்டிட்டு நேர ஆபிசுக்குத்தான் போனேன். கூப்பிடுற வரைக்கும் காத்திருக்கல. சாவிய மேசையில வச்சேன். பிரகாஷ் எந்திரிச்சு நின்னாரு. இங்கிலிஷ் எங்க போச்சோ தெரியல, சுத்தத் தோட்டத்துத் தமிழு. "யாரக் கேட்டு எங்க வீட்டுக்குள்ள ஆளக் கூட்டிட்டுப் போன?"ன்னாரு. "உங்க அண்ணன்கிட்ட வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் சார் போனேன். எங்க அம்மாகிட்ட யாரு சார் கேட்டா?"ன்னேன். பீலிக் கதைய அப்பத்தான் சொன்னேன். கைய ஆட்டினதச் சொன்னேன். சுவத்துக்குப் பின்னால நடுங்குனதச் சொன்னேன். அழுகைதான் வந்துச்சு, ஆனா அந்த ஆளுக்கு முன்னால அழுவேனா? பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்லி முடிச்சேன்.

அந்த நேரம் பாத்து வெள்ளக்கார ஜோடி கதவத் தட்டிட்டு உள்ள வந்தாங்க. கம்ப்ளைன்ட் பண்ண இல்ல. இந்த ஊர்ல அவங்க பாத்ததுலயே மனேஜர் வீடுதான் ரொம்பப் புடிச்சதாம், இனி வர்ற கெஸ்ட் எல்லாருக்கும் இந்த வீட்டக் காட்டணுமாம். ரவி அண்ணனோட நொரை மொகத்த ஃபோன்ல காட்டினாங்க. பிரகாஷ் பல்லக் காட்டினாரு. நம்ம எல்லாரும் காட்டுவோமே, அதே பல்லு. அவங்க போனதும் மெதுவா, "அண்ணி அழுறாங்களாம். அந்தப் படத்தயெல்லாம் அழிக்கச் சொல்லிக் கேக்கணும்"ன்னாரு.

"நான் கேக்குறேன் சார். அவங்க இங்கதானே இருக்காங்க, சொன்னா அழிச்சிருவாங்க. எங்க அம்மா படம் எந்த நாட்டுல, யாரு ஃபோன்ல இருக்கு? யாருகிட்ட போயி நான் அழிக்கச் சொல்றது?"ன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து, அந்த ஜோடிகிட்ட விஷயத்தச் சொன்னேன். அந்தம்மா மொகம் செவந்து போச்சு. என் கண்ணு முன்னாலயே ஒவ்வொன்னா அழிச்சாங்க. திரும்பிப் போயி, "அழிச்சாச்சு சார்"னு சொல்லிட்டு, சாவியப் பாக்காமத் திரும்பினேன். கதவு வரைக்கும் போனதும் பின்னால சாவிய மேசையில தள்ளுற சத்தம்.

"வீடு காட்டுறத நிப்பாட்டியாச்சு. நாளைக்குக் காலையில காசல்ரீ, ஆறு பேரு, ஃப்ளாஸ்க்க மறந்துறாதீங்க."

இப்பவும் அந்த வண்டிய நான்தான் ஓட்டுறேன், ஃபோல்ஸு, வாவி, மூட்டம் எது வேணும்னாலும் காட்டுறேன், எங்க வீட்டப் பாக்கணும்னா மட்டும் கேமராவ வச்சிட்டு விருந்தாளியா வரட்டும், எங்க அம்மா நல்ல சேல கட்டிக்கிட்டு வந்து தேத்தண்ணி ஊத்துவாங்க.